மஞ்சள் ஹெல்மெட்டு எதிரி

நைட் ஷிப்டோடு ஓவர்டைமும் பார்த்துவிட்டுப் பழனிவேல் வீடு வந்தபோது பகல் மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குப் புரோக்கர் வருகிறான். முந்திரிக்கொல்லையைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதாகப் பழனிவேல் ஒத்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் கேட்டால் அதே சுரங்கத்தில் டிரில் ஓட்டுகிறவன் எப்படி மாட்டேன் என்பான்? அதிலிருந்து மூன்று நாளாகப் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். தின்றுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தான்.

கண்ணை மூடியதும் கனவில் போர் மூண்டது. கொல்லைக்கு எதிரே இருபது டிப்பர் லாரி. நடுவில் பொக்லைன், கையைத் தூக்கிக்கொண்டு. இந்தப் பக்கம் அவன் குடும்பம்: எக்செல் வண்டியை முறுக்கும் மகள் வினோதினி, பின்னால் இட்லிக் குண்டானைத் தலையில் கவிழ்த்த பஞ்சவர்ணம், ரேஷன் சாக்கைப் போர்த்திய வெள்ளாட்டுக் கிடா.

"கொட்டைய ஒடைடி! பால மூஞ்சியில பீச்சு! தோலு வெந்து ஓடட்டும்!"

பச்சை முந்திரிக்கொட்டைப் பால் என்ன செய்யும் என்று பஞ்சவர்ணத்தின் விரல்களுக்குத் தெரியும். இருபது வருஷப் புண்.

"அம்மா, பெட்ரோலு இல்லம்மா!"

"தள்ளிக்கிட்டே போயி முட்டுடி!"

கிடா முட்டியது. டயர் புஸ்ஸென்று இறங்கியது. டிரைவர்கள் குதித்து ஓடினார்கள். பழனிவேலுக்கு உடம்பு முறுக்கேறியது. அடேங்கப்பா, இவளா என் பெண்டாட்டி! டிரில் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"வினோ, அந்தா இன்னொருத்தன்! மஞ்ச ஹெல்மெட்டு! விடாத!"

"அடியே, நாந்தான்டி ஒம்புருசன்!"

"எம்புருசன் ஏன்டா அந்தப் பக்கத்துலேருந்து வரான்?"

ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தான். தாடைப் பட்டை வரவில்லை. கிடா கொம்பைத் தாழ்த்தியது. எங்கோ சங்கு ஊதியது.

சங்கு இல்லை, சுரங்கத்து வெடி சைரன். மணி ஒன்று. டமாலென்றது, அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. விழித்துத் தலையைத் தடவினான். நிஜமாகவே ஹெல்மெட். அசதியில் கழற்றாமலே தின்று, கழற்றாமலே தூங்கியிருக்கிறான். பேசக் கூடாதென்ற வீம்பில் அவளும் அதைச் சொல்லவில்லை.

பட்டையை இழுத்தான். வந்துவிட்டது.

"வர்ணம், புரோக்கருக்குப் போனப் போடு. கொல்லைய குடுக்கல."

முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சூப்பர்வைசரு வேலைய விட்டுத் தூக்கிட்டாருன்னா?"

"தூக்கட்டும். ஒங்கூட ஒக்காந்து ஒடைக்கிறேன்."

"நீங்களா? கிழிச்சீங்க." ஆனால் கை போனைத் தேடியது.

"கிடாய மொதல்ல கட்டு."

"கட்டித்தான் கெடக்கு. ஏன்?"

"இல்ல, சும்மா."