இரு வேளைத் தண்ணீர்

தம்பி இறந்தபோது கொல்லைச் சுவரோரம் அவன் வைத்த ஐந்து ஹைட்ரேஞ்சியா பூச்செடிகளும் துளிர்விட்டிருந்தன. பேக்கரி வேன் ஓட்டியவன். மழை ஈரத்தில் வண்டி சறுக்கி, ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். கல்யாணம் ஆகாத அக்கா, மருந்துக்கடையில் வேலை. தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடிகாலை ஷிஃப்ட். உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று சமையலறையில் வைத்து அக்கா சொல்லிவிட்டாள்: "காலையில நீ சண்டை போட்டு அனுப்பாம இருந்திருந்தா அவன் நிதானமா ஓட்டியிருப்பான்."

தம்பி மனைவி குழாயைத் திறந்தாள். கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது. கேஸ் தீர்ந்தால் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள்.

கோடையில் செடிகள் நீலமாய்ப் பூத்தன, ஒவ்வொரு கொத்தும் குழந்தை தலை அளவுக்கு. வெயில் ஏறியதும் இலைகள் துவண்டு தொங்கின. அக்கா வேலை முடிந்து வந்ததும் செடிக்கு ஒரு பக்கெட் ஊற்றினாள். தம்பி மனைவி அந்நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். 'புருஷன் வச்ச செடி, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தணும்னு தோணுதா பாரு' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஊற்றினாள். அப்படியும் இலைகள் நிமிரவில்லை. இரண்டு பக்கெட்டாக்கினாள். இலைகள் மஞ்சளாகி ஓரம் கருகின.

ஒருநாள் பல்வலியில் சீக்கிரமே விழித்துவிட்டாள். கொல்லையில் சலசலவென்று சத்தம். போய்ப் பார்த்தால், தம்பி மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயைச் செடியின் காலடியில் பிடித்தபடி நின்றாள். "குடிங்க, நல்லா குடிங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா ஊத்துற?" அக்காவின் வாய் தன்னையறியாமல் கேட்டுவிட்டது.

"அவர் போன மறுநாள்லேர்ந்து. வாடி வாடி விழுது அண்ணி, அதான் இப்ப கூடுதலா ஊத்துறேன்."

"நானும் ஊத்துறேனே. சாயங்காலம். ரெண்டு ரெண்டு பக்கெட்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செடி விற்கும் நர்சரிக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு செடியை அசைத்தார். கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகி நாறியது. "தண்ணி பத்தலைன்னாலும் வாடும், மிஞ்சினாலும் வாடும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார். "யாரும்மா இப்படிக் குளிப்பாட்டினது?" என்று சிரித்தவர், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மூன்று செடிகளைப் பிடுங்கிப் போட்டார். மற்ற இரண்டின் அழுகிய வேரை வெட்டி, மண்ணை மேடாக்கி நட்டுவிட்டுப் போனார்.

குழிகளை மூடும்போது தம்பி மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க அன்னிக்குச் சொன்னது பொய் இல்ல அண்ணி. கத்தினேன்தான். செடிக்கு உரம் போட்டுட்டு சேத்துக் காலோட உள்ள வந்தார். அப்பதான் தரையைத் துடைச்சிருந்தேன். 'உங்க செடியையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னேன். அதான் கடைசியாப் பேசினது."

"இதுக்கா... இதுக்குப் போயா நான் உன்னை..." அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியாமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தனித்தனி அறையில் அழுததை அன்று சேர்ந்து அழுதார்கள்.

இலையுதிர்காலத்தில் காய்ந்த கொத்துகளை வெட்டவில்லை. அடுத்த வருஷத்து மொட்டு அதற்குக் கீழேதான் இருக்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். பனி விழுமுன் சருகு குவித்துச் சாக்குப் போர்த்தினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைப் பற்றியே பேச்சு. சுருதி சேராமல் அவன் வேனில் பாடிய பாட்டைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

வசந்தத்தில் ஒன்றுதான் துளிர்த்தது. மற்றதன் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார்கள். உள்ளே பச்சையே இல்லை. பிழைத்ததும் அந்தக் கோடையில் பூக்கவில்லை, இலைதான்.

தம்பி மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. "அந்த அறையில தூக்கம் வரல அண்ணி. என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன்."

போகாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. "போம்மா. வேளைக்குச் சாப்பிடு" என்றாள் அக்கா. பஸ் வரும்வரை அவளது பையைத் தானே சுமந்துகொண்டு நின்றாள்.

ஞாயிறுதோறும் போன் வருகிறது. முதலில் செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், பிறகு முதுகுவலி, விலைவாசி. அதன்பின் பேச ஒன்றும் இருப்பதில்லை. அங்கே தெருவில் வண்டிகள் போகும் சத்தம் அக்காவுக்குக் கேட்கிறது. இருவரில் யாரும் போனை வைப்பதில்லை.