ஒன்றாம் கயிறு

கயிற்று அட்டைகளை இஷ்பெல் சமையலறை மேசைமேல் சீட்டுக்கட்டைப் போல வீசினாள். எட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சவப்பெட்டிப் படமும் சுற்றிலும் எட்டு எண்களும் இருந்தன. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றாம் எண் தலைமாட்டுக் கயிறு. அது மூத்த மகனுக்கு உரியது.

"ஒண்ணாம் நம்பர் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

ஃபின்லே சித்தப்பா டீ உறிஞ்சுவதை நிறுத்தினார். "நம்ம தீவுல பொம்பளைங்க கல்லறை வாசலோட நின்னுக்கறதுதானேம்மா வழக்கம்?"

"ரெண்டு வருஷமா, வாரத்துக்கு மூணு தடவை, அப்பாவைக் கப்பல் ஏத்தி டயாலிசிஸுக்கு அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? அப்ப எந்த ஆம்பளையும் வழக்கம் பேசிக்கிட்டு வரலையே!"

போன வியாழக்கிழமை காற்று பலமாக அடித்ததில் கப்பல் மூன்று மணி நேரம் தாமதம். துறைமுகத்தில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே, அவள் பக்கத்து இருக்கையில், அப்பா செத்துப்போனார். முன்னால் ஆறு கார்கள், பின்னால் ஒரு மீன் லாரி. திரும்பிப் போகக்கூட வழியில்லை.

ஜன்னலோரம் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தான் அண்ணன் ரூரி. எடின்பரோவிலிருந்து காலைக் கப்பலில்தான் வந்திருந்தான். லண்டன் கிள்ளிக் கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒரு சபை நடக்கிறது. இவன் அதன் சபாநாயகன். நாற்காலியில் ஏறிய அன்றே, நடுநிலை வேண்டும் என்று, இருபது வருடம் கொடி பிடித்த கட்சியை விட்டு விலகினான். போன வசந்தத்தில் இந்தத் தீவின் சின்ன ஆஸ்பத்திரிக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரம் கேட்டு ஒரு தீர்மானம் வந்தது. அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. முடிவு இவன் கையில். எதிர்த்துப் போட்டான்.

பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. ரூரி கரண்டியால் கோப்பையைத் தட்டினான்.

"எல்லாரும் ஒரே நேரத்துல பேச வேண்டாம். சித்தப்பா பேசியாச்சு. இப்ப அத்தை. டூகல், அடுத்தது நீ."

கடைசித் தம்பி டூகல், பேசுவதற்காகத் தூக்கிய கையை வெட்கத்தோடு இறக்கிக்கொண்டான்.

"எனக்கு என்ன பேச்சு இருக்கு?" என்றாள் பெகி அத்தை. "எங்கண்ணனுக்கு வாய் துடைச்சு விட்டவ அவ. கயிறு அவளுக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றான் டூகல். "ஆனா ஊரு சிரிக்கும். பாதிரியார் என்ன சொல்வாரோ. வேண்டாம்."

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ரூரியின் முகம் துடைத்து வைத்தாற்போல் ஆனது. இஷ்பெலுக்கு அந்த முகம் தெரியும். வசந்தத்தில் அப்பாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்த முகம் அது.

"சமமா நிக்குது," என்றான். "அப்படின்னா இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவளுக்கு உடம்பு முழுக்கத் தீப்பற்றியது.

"மறுபடியுமா? உனக்குன்னு ஒரு நெனப்பே கிடையாதாடா?"

"சமமா நின்னா தலைவர் எதையும் மாத்தக் கூடாது, இஷ்பெல். மாத்தணும்னா மத்தவங்கள்ல ஒருத்தராவது கூட வேணும். நம்ம அப்பாங்கறதுக்காக நான் மாத்திப் போட்டிருந்தா, நாளைக்கு எவன் என்னை நம்புவான்?"

"நம்பி என்ன கிழிச்சாங்க? ரெண்டு மெஷின்டா! அதுக்கு ஒரு கை போதும். அந்தக் கை உன் கை. கட்சியை விட்டமாதிரி எங்களையும் விட்டுட்ட. இது உன் சபை இல்ல, என் அடுப்படி. கரண்டியைக் கீழ வை!"

அவன் கரண்டியை வைத்தான். அட்டைகளைச் சித்தப்பா பக்கம் நகர்த்தினான். அது அவளை இன்னும் எரித்தது. அதைவிட எரித்தது ஒன்று உண்டு. அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அப்பா, "பையன் முறைப்படிதான் செஞ்சிருக்கான்," என்று பெருமையாகச் சொல்லி, மறுநாள் கப்பலுக்கு ஃபிளாஸ்கை எடுத்து வைக்கச் சொன்னார். அதற்காக அப்பாவையும் அவள் மன்னிக்கவில்லை. செத்த பிறகும் மன்னிக்கவில்லை.

ஒன்றாம் அட்டையில் ரூரியின் பெயரைச் சித்தப்பா எழுதினார்.

மதியம் மழை தூறியது. ஆண்கள் தோள் மாற்றி மாற்றிப் பெட்டியைச் சுமந்து கல்லறைக்குள் போனார்கள். பெண்கள் இரும்புக் கதவருகே நின்றுகொண்டார்கள். இறுதிச்சடங்குக்காரர் எண்ணும் பெயருமாக வாசித்தார். ரூரி முன்னால் போய் ஒன்றாம் கயிற்றை எடுத்தான்.

இஷ்பெல் கதவைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டது. யாரையும் பார்க்காமல், ஈரப் புல்லில் நேரே நடந்துபோய் அண்ணன் முன்னால் கையை நீட்டினாள்.

"குடு."

"அக்கா, அதான் பேசி முடிச்சாச்சே," என்றான் டூகல், தரையைப் பார்த்தபடி.

"உன்கிட்ட கேக்கல. இவன்கிட்ட கேக்கறேன். இங்க எண்ணறதுக்கு ஓட்டு இல்ல, ரூரி. ரெண்டு பக்கமும் சமமா நிக்கல, நீ ஒருத்தன்தான். குடுப்பியா, மாட்டியா?"

சபையிலாவது விதியை எடுத்துச் சொல்ல ஒரு செயலாளர் பக்கத்தில் இருப்பார். இங்கே ரூரி அப்பாவின் பெட்டியைப் பார்த்தான். பிறகு கயிற்றை அவள் கையில் வைத்தான்.

"ஒரு சுத்து சுத்திக்க. கனக்கும்."

அவள் சுற்றிக்கொள்ளவில்லை. பெட்டி இறங்கியது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு இன்னும் கோபம்தான். கொடுத்துவிட்டான் என்பதற்காக அது ஒரு துளிகூடக் குறையவில்லை. இப்போது கொடுக்க முடிந்தவனால் அப்போது ஏன் முடியவில்லை?

பெட்டி அடியைத் தொட்டது. ஒவ்வொருவராகக் கயிற்றை உள்ளே போட்டார்கள். ஏழு கயிறுகள் விழுந்தன. பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். மண்வெட்டியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விட்டுடும்மா, மழை வலுக்குது..." என்று தொடங்கினார் சித்தப்பா.

கயிறில்லாமல் பின்னால் நின்றிருந்த ரூரி கையைத் தூக்கி அவரை நிறுத்தினான்.

மழை வலுத்தது. யாரும் நகரவில்லை. இஷ்பெல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.