ஊமைக்கோட்டானும் இடிதாங்கியும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் சோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" லென்ஸை மாற்றுவாள், மறுபடி கேட்பாள். வருபவர்கள் பரீட்சை எழுத வந்தவர்களைப் போலப் பயந்து பயந்து பதில் சொல்வார்கள்.

அன்று மதியம் வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. சட்டைப் பையில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது. கூடவே மனைவி. "கிட்டத்துல இருக்கற எழுத்து இவருக்குத் தெரியறதில்லைங்க. கேட்டா, அச்சடிக்கறவங்க எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்கன்னு சொல்றாரு" என்று அந்தம்மா உட்காருவதற்கு முன்பே போட்டுக்கொடுத்தாள்.

கனத்த சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸைச் செருகி, வழக்கம்போலக் கேட்டாள்.

"ரெண்டுமே சரியில்லைங்க. சரி, ஒரு பேச்சுக்கு முதலாவதுன்னு வச்சுக்குவோம். ஆனா இது என் இறுதித் தீர்ப்பு இல்ல."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை அவள் காதால் கேட்டதே இல்லை. ஆனால் கண்ணால் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகை அறையில் தனியாக இருந்த காலத்தில், இணையத்தில் ஒரு ஃபோரம் இருந்தது. வீடியோ கேம் ஆடுபவர்களுக்கென்று யாரோ ஆரம்பித்த தளம். பிறகு சினிமாவுக்கு ஒரு பகுதி வந்தது. தேர்தல் வந்தபோது அரசியலும் உள்ளே நுழைந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அங்கே அவள் பெயர் ஊமைக்கோட்டான். நேரில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண், அங்கே போனால் வாய் மூடமாட்டாள். அவளுக்கு வாய்த்த ஜென்ம எதிரிதான் இடிதாங்கி.

எதை எடுத்தாலும் சண்டை. 'உப்புக் கோட்டை' விளையாட்டின் இரண்டாம் பாகம் காவியம் என்பான் அவன். குப்பை என்பாள் இவள். ஓட்டுப் போடாதவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்பாள் இவள். போடாததும் ஒரு கருத்துதான் என்பான் அவன். ஒரு பாடகி மேடையில் வாயசைத்தாளா, நிஜமாகவே பாடினாளா என்று இருவரும் அடித்துக்கொண்டதில் ஃபோரத்தில் பாதிப் பேர் தலைதெறிக்க ஓடினார்கள். "ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்" என்று இறங்கி வருவதுபோல ஆரம்பிப்பான். அடுத்த வரியில் காலை வாருவான். ஆனால் ஒரு நாளும் அவளைக் கேவலமாகப் பேசியதில்லை. அவள் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் "எங்க போய்த் தொலைஞ்சே?" என்று கேட்டு எழுதியிருப்பான்.

ஒரு காலையில் தளம் திறக்கவில்லை. நடத்தியவருக்கு அலுத்துப்போயிற்றோ என்னவோ, சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள் வந்தன. ஒரு முறை பட்ஜெட்டைப் பற்றி எதிலோ இரண்டு வரி எழுதப்போய், முகம் தெரியாத யார் யாரோ அவள் பிறப்பையே இழுத்துத் திட்டினார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

"என்னங்க, லென்ஸ் மாட்டலையா?" என்றார் மெக்கானிக்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீங்க... உப்புக் கோட்டை ஆடியிருக்கீங்களா?"

அவர் முகம் பல்பு போட்டதுபோல ஆயிற்று. "ஆடியிருக்கேனாவா! ரெண்டாம் பாகம் மாதிரி ஒண்ணு இனிமே வருமா?"

"அது குப்பை."

சட்டத்துக்குள்ளிருந்து அவர் கண்கள் அவளை உற்றுப் பார்த்தன. லென்ஸில் அவை மாட்டுக்கண் அளவுக்குத் தெரிந்தன.

"கோட்டான்?"

அவள் தலையாட்டினாள்.

"அடப்பாவி!" என்றவர் சட்டென்று எழுந்துவிட்டார். "ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம். பொம்பளைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. டேய், வாடான்னு என்னென்னவோ எழுதித் தொலைச்சிருக்கேனே!"

அவர் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்கதானா அது? கல்யாணமான புதுசுல, கோட்டான் என்ன எழுதியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் இவருக்குச் சோறே இறங்கும். எவனோ ஒருத்தன் எனக்குச் சக்களத்தியா வந்து வாய்ச்சானேன்னு நினைச்சுக்குவேன்."

மூவரும் சிரித்து ஓய்ந்ததும், அவர் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும். அந்தப் பாடகி சண்டை ஞாபகம் இருக்கா? வாரக்கணக்கா இழுத்தோமே. அப்ப எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. வெளிய பெஞ்சுல உட்கார்ந்துதான் எழுதினேன். பார்க்கற ஆளெல்லாம் பாவம்னு பேசினாங்க. நீங்க மட்டும்தான், 'உனக்குக் காதே கிடையாதா'ன்னு கேட்டீங்க. அதைப் படிச்சுட்டு அந்த பெஞ்சுல சிரிச்சேன். அம்மா போறதுக்கு முன்னாடி நான் சிரிச்சது அது ஒண்ணுதான்."

நேரில் அவள் ஊமைக்கோட்டான்தானே. சட்டத்தை வாங்கித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "உட்காருங்க, பாக்கியும் பார்த்துடலாம்" என்றாள்.

படிக்கக் கண்ணாடி தேவை என்று முடிவாயிற்று. போகும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஆனால் பழைய சண்டை திரும்பவில்லை. "வணக்கம் மேடம், நலமா?" என்று வரும். "நலம் சார். கண்ணாடி வசதியா இருக்கா?" என்று போகும். ஒரு தடவை மேயர் தேர்தலைப் பற்றி அவள் லேசாகக் கிள்ளிப் பார்த்தாள். "நீங்க சொல்றதும் நியாயம்தான் மேடம்" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அவளுக்கு எதுவுமே ருசிக்கவில்லை. முகம் தெரியாமல் இருந்தபோது கூடப் பிறந்தவனைப் போல மல்லுக்கு நின்றவன், முகம் தெரிந்ததும் விருந்தாளியாகிவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து, கடைத்தெருவில் கார்களே வரக்கூடாது என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி: "நல்ல திட்டம்னு நினைக்கிறேன். உங்க கருத்து என்ன மேடம்?"

அவளுக்கும் அது நல்ல திட்டம்தான். கடைக்குக்கூட லாபம்தான். இருந்தாலும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். தட்டினாள்:

"நல்ல திட்டமா? நடக்க முடியாதவங்க எப்படி வருவாங்க, பறந்தா? லிஃப்டுக்குள்ளயே இருந்தா ரோடு எங்க தெரியும்? இன்னொரு தடவை மேடம்னு கூப்பிட்டா நம்பரை பிளாக் பண்ணிடுவேன்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். 'எழுதுகிறார்' என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு பத்தி பத்தியாகக் கொட்டியது: பாதி அபத்தம், ஒரு புள்ளிவிவரம்கூடச் சரியில்லை, நடுவில் அவள் மூளையைப் பற்றி ஒரு சந்தேகம் வேறு.

"யாரோட இப்படிச் சிரிச்சுட்டிருக்கே?" என்று சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான்.

"சண்டை போட்டுட்டிருக்கேன், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள்.