சேஷுவின் பேட்டரியில் சந்தனம்

பக்கத்து வீட்டு சேஷு கார் வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பசியே இல்லை என்றால் அது பொய். பசித்தது. தின்றதுதான் செரிக்கவில்லை.

நான் பிழைக்க வந்த வடக்கத்தி ஊரில், போசரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். ஏறிப் போவது பழைய ஸ்கூட்டர். சேஷு பாங்குக்காரர். வீட்டில் பியூஸ் போனால் மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறவர். அவருக்குக் கார்!

ஆயுத பூஜைக்கு என் மனைவி பவுன் எங்கள் ஸ்கூட்டருக்கு ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு அந்தக் காருக்குப் போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்குக்கூட அவள் அத்தனை நேரம் சோறு பரிமாறியதில்லை.

மறுநாள் விஜயதசமி. ஊரின் மறுகோடியில் வானவடியில் இருக்கும் சிநேகிதி மங்கையர்க்கரசி வீட்டுக் கொலுவுக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் சாப்பிட அழைப்பு. "பவுன், நீயும் நம்ம கார்லயே வந்துடு" என்று சேஷுவின் மனைவி வைஷு கூப்பிட்டுவிட்டாள். பவுன் எட்டு மணிக்கே பட்டுப்புடவையில் காரருகே நின்றாள். என் பின்சீட்டுக்கு அவள் ஒருநாளும் பட்டு உடுத்தியதில்லை.

சேஷு சாவியைத் திருப்பினார். 'டிக்'. அவ்வளவுதான்.

என் நெஞ்சில் நாதஸ்வரம் வாசித்தது.

"ஓய் மாடசாமி! ஏக்தம் டப்பா ஆயிடுத்துய்யா, கிளம்பவே மாட்டேங்கறது. செத்த வந்து பாருமேன்."

மீட்டரை எடுத்துக்கொண்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு போனேன். பேட்டரியில் கரண்ட் முழுசாக இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் இருக்கிற விளக்கும் அணைந்தது. கம்பி பேட்டரியோடு சேருகிற இடத்தில்தான் கோளாறு. கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே காய்ந்து ஓடாகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம்.

"நேத்து எஞ்சினை நிறுத்தினப்புறம் பவுன்தான் அதைக் கழட்டச் சொன்னா" என்றாள் வைஷு. "உசிரு இருக்கற இடத்துல பொட்டு வைக்கணும்னா. ஏன், அதுல ஏதாவது…?"

பவுன் என்னைப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டி அல்லவா, அவளுக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. முகம் சந்தனத்தைவிட வெளிறியிருந்தது.

ஒரே ஒரு வார்த்தை போதும். காருக்கும் அவளுக்கும் இருந்த உறவு அன்றோடு அறுந்துவிடும். வாயைத் திறந்தும்விட்டேன்.

"பொட்டுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? கிளாம்பு லூசு. உள்ள உப்புப் பூத்திருக்கு. போன மழையில வந்தது" என்றேன். உப்புத்தாளால் தேய்த்தேன். நிமிஷத்தில் சுத்தமாகிவிட்டது. இறுக்கி முடுக்கினேன். கார் உறுமியது. அத்தனை இனிமையாக உறுமியிருக்க வேண்டாம்.

"பலே!" என்று சேஷு என் முதுகில் தட்டினார். "ஏறு பவுன், நேரமாயிடுத்து."

பவுன் ஏறவில்லை. மஞ்சளாகியிருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க முன்னால போங்கக்கா. நான் இவுககூட வாரேன்."

ஸ்கூட்டரின் பின்சீட்டில் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் தோளைப் பிடித்தாள். அந்தத் தெருவிலேயே பணக்காரன் நான்தான் என்ற நினைப்பில் வண்டியைக் கிளப்பினேன்.

முனை திரும்பியதும் காதருகே சொன்னாள்: "ஏங்க, வரும்போது மட்டும் கார்ல வந்துக்கிடவா? ஏசி போடுவாகளாம்."