மஞ்சள் தெரியாத வீடு

ஆஸ்டின் டவுனில் கிஷோரின் வீட்டுக்குள் நிறங்கள் இல்லாமல் போனது, அவன் தன் செல்போன் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய மறுநாள் காலையில். அவன் மனைவி லாவண்யா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். தக்காளி சாம்பல் நிறத்தில் இருந்தது. கறிவேப்பிலையும் அப்படித்தான், அவள் நைட்டியும் அப்படித்தான். வாசற்படி தாண்டினால் எல்லாம் பழையபடி இருந்தன. உள்ளே கால் வைத்தால் பாதத்திலிருந்து மேல்நோக்கி நிறம் போகும். எதிர்வீட்டு லட்சுமம்மா இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்து பார்த்தாள். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேள் என்று யோசனை சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

கிஷோர் கெட்டவன் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற கம்பெனி வண்டியிலும் போன், சோற்றுத் தட்டின் முன்னாலும் போன், அவ்வளவுதான் அவன் குற்றம். லாவண்யா கர்ப்பமாக இருப்பதைச் சொன்னபோது 'ம்' என்றான். வீடியோ முடிந்தபிறகு, "என்ன சொன்ன?" என்று கேட்டான். அன்று அவள் அழுததில்தான் அவனுக்கு உறைத்தது. போனைத் தொடாமல் இருந்தால் திரையில் மரம் வளரும் ஆப் ஒன்றைப் போட்டான். மரங்களெல்லாம் கன்றிலேயே பட்டுப்போயின. நேரம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும் ஆப்பைப் போட்டான். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்கிற பட்டனை அவன் கட்டைவிரல் பார்க்காமலே கண்டுபிடித்தது. போனை அரிசி டப்பாவில் புதைத்துப் பார்த்தான். சோறு வேகும் முன் தோண்டி எடுத்தான். கடைசியில் ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று திரையின் நிறத்தை எடுத்தான்.

அது பலித்தது. பிரியாணி வீடியோவும் கிரிக்கெட்டும் சாம்பலாய்க் கிடக்க, பார்க்கச் சலித்து அவன் தலை நிமிர்ந்தான். எதிரே லாவண்யா உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். குழந்தை உதைக்கும்போது வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தான். போனில் நிறத்தைத் திரும்ப வைத்தால் வீடும் மாறிவிடுமோ என்று அவன் ஒருமுறை கேட்டபோது அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "கலர் போனா போவட்டும். நீங்க வந்தீங்களே, எனக்கு அது போதும்." மஞ்சள் எது குங்குமம் எது என்று முகர்ந்து பார்த்து எடுக்கப் பழகிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவைதான்.

ஒன்பதாம் மாதம் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வாந்தி வந்தது, உடம்பு அரித்தது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருப்பதுதான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வளைகாப்புக்குப் பிறகு இருந்ததால், வெளியே போகாமல் படுத்தே கிடந்தாள். கிஷோர் லீவு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முன்பு பார்க்காததற்கெல்லாம் சேர்த்துப் பார்த்தான். தினமும் ஒரு போட்டோவும் எடுத்தான். சாம்பல் முகத்தில் சாம்பல் கண்கள்தான் தெரிந்தன.

லாவண்யாவுக்குத் தாய் இல்லை. லட்சுமம்மாதான் முன்நின்று தெருவில் பந்தல் போட்டாள். வீட்டுக்குள்ளேயே மஞ்சளும் சந்தனமும் குழைத்துக் கன்னத்திலும் கையிலும் தாராளமாகப் பூசி, கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாள். பந்தலில் நிறங்கள் திரும்பின. லாவண்யா தலை நிமிரவில்லை, வெட்கம் என்று நினைத்தார்கள். "பங்காரம் மாதிரி, தங்கமா இருக்கா பாரு, மஞ்சள் எப்படிப் புடிச்சிருக்குது!" என்று லட்சுமம்மா திருஷ்டி கழித்தாள். பெண்கள் வரிசையில் வந்து இன்னும் பூசினார்கள். வளையல் அடுக்கி முடிக்கும் முன் அவள் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரப்பஞ்சால் முகத்தைத் துடைத்தாள். சந்தனம் வந்தது, பூசிய மஞ்சள் வந்தது, அதற்குக் கீழே இருந்த மஞ்சள் வரவில்லை.

"கண்ணெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கே, காமாலை முத்திப்போச்சு. வீட்ல யாருமே பாக்கலையா?" என்று டாக்டர் கத்தினார்.

"அவுங்க ஊட்ல கலர் இல்லம்மா" என்றாள் லட்சுமம்மா. டாக்டர் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். லாவண்யாவைக் காப்பாற்ற முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு கிஷோர் போனில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். வீடு மாறவில்லை. போனுக்குள் இருந்த போட்டோக்கள் மட்டும் மாறின. கேமரா எல்லாவற்றையும் நிறத்தோடுதான் பிடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு போட்டோவிலும் அவள் கண் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, ஒவ்வொன்றிலும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இது குரங்காகக்கூட முடியவில்லை. பாவம், அவன் அழுத அழுகையைத் தெருவே நின்று கேட்டது. போனை அணைத்து அரிசி டப்பாவில் வைத்தான். இந்தத் தடவை தோண்டவில்லை.

அவன் வீட்டைக் காலி செய்வான் என்று எதிர்பார்த்தார்கள், செய்யவில்லை. அவள் சிரித்த வீடு அது ஒன்றுதான். இப்போது தினமும் விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். வெளிச்சத்தில் அவளுடைய கீழிமையை விரலால் இறக்கிப் பார்க்கிறான். பால் வாங்கப் போகிறவர்கள் வெளிச்சத்தை மறைக்காமல் விலகிப் போகிறார்கள்.

"பாத்தியாப்பா?" என்று லட்சுமம்மா எதிர்வாசலில் இருந்து கேட்பாள்.

"பாத்தேன் ஆண்ட்டி. வெள்ளையா இருக்குது."

"சரி, உள்ள தூக்கிட்டுப் போ, பனி."

குழந்தையின் சிவப்பு ஸ்வெட்டர் வாசற்படியில் சாம்பலாகிறது. லட்சுமம்மா கோலம் போட உட்காருகிறாள்.