போதும்டா

கரடி என்று கல்லூரியே கூப்பிட்ட அந்தப் பயல் மல்யுத்தத்தில் ஜெயித்தது தொண்ணூற்றொன்பது முறை. தோல்வி மருந்துக்குக்கூடக் கிடையாது. இன்னும் ஒன்று ஜெயித்தால் நூறு. பயிற்சிக்கூடச் சுவரில் பெயர் ஏறும். அதற்காகக் காது இரண்டும் நசுங்கி, மூக்கு இரண்டு தரம் உடைந்து, மனிதன் உருக்குலைந்து போயிருந்தான்.

இறுதிச்சுற்றில் எதிரே வந்தவன் யார் தெரியுமா? சொந்த மாமன் மகன். அதே கல்லூரி, அதே அறை, தினமும் பயிற்சிக்குக் கூட்டாளி.

அவனிடம் ஒரு திருட்டுப் புத்தி உண்டு. பயிற்சியில் கரடியின் பிடியில் மாட்டினால், "ஐயோ, போதும்டா, கை போச்சு!" என்று அலறுவான். பாவமே என்று விட்டால் மறுநொடி கரடி மல்லாந்து கிடப்பான். "ஏமாந்தியா மச்சான்!" என்று பல்லைக் காட்டுவான். கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வரும். "டேய் கரடி, விசில் ஊதாம விடாத. செத்தேன்னு சொன்னாலும் விடாத!"

போட்டியன்று முதல் நிமிடமே மச்சானின் தலை இடித்துக் கரடியின் உதடு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு பாய்ந்தான். கழுத்தில் அறை, விலாவில் முட்டு, சொந்தமாவது பந்தமாவது! கடைசி அரை நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தான். அப்போது மச்சானின் வலது கை சிக்கியது. முதுகுப் பக்கம் மடக்கித் திருப்பினான்.

"போதும்டா! கை போகுது, போதும்டா!"

வந்துட்டான்யா நாடகத்தோட! கரடிக்குச் சிரிப்பே வந்தது. முழு எடையையும் போட்டு அழுத்தினான். மளுக்கென்றது. மச்சானின் தோள்கள் இரண்டும் மெத்தையில் பட்டன, ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது. முழங்கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடக்க, நடுவர் கரடியின் கையைத் தூக்கினார். நூறு.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தை அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே மச்சான், முழங்கைக்குள் கம்பி வைத்துத் தைத்த கையோடு படுத்திருந்தான். இனி மல்யுத்தம் கிடையாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

"கத்தினேனே, ஏன்டா விடல?"

"வழக்கம்போல பொய் சொல்றேன்னு நெனச்சேன்டா."

"அன்னிக்கு நெஜமாத்தான்டா சொன்னேன்."

பாராட்டு விழாவில் கல்லூரி முதல்வர் மைக்கில் முழங்கினார். நூறு வெற்றி, மூன்று தங்கம், ஆண்டின் சிறந்த வீரர்... மூன்றாவது வரிசையில், கழுத்திலிருந்து தொங்கும் துணித்தூளியில் கையைப் போட்டுக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தான். கரடி முதல்வர் பக்கம் சாய்ந்தான்.

"போதும் சார்," என்றான்.

"பாத்தீங்களா தன்னடக்கத்த!" என்றார் முதல்வர். ஒரே கைதட்டல்.

"நெஜமாத்தான் சார் சொல்றேன். போதும்."

குரல் உடைந்துவிட்டது. கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. முதல்வர் அடுத்த விருதை வாசித்தார்.