பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு

பெட்டி, பின்னறைக்குப் போகும் சந்துக்குள் பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டது.

முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர். ஃப்ரீசர் பெட்டியைச் சாய்த்தார்கள், தூக்கினார்கள், கடைசியில் வந்த வழியே தெருவுக்கு இழுத்தார்கள்.

“பாத்ரூம் கட்டினப்பவே சொன்னேன், சந்தைச் சுருக்காதேன்னு. அண்ணன் கேட்டாத்தானே” என்றான் துறையூரிலிருந்து வந்திருந்த கொழுந்தன்.

மயிலம்மாள் புருஷன் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். குடித்தனத்துக்குத் தனி பாத்ரூம் இருந்தால் வாடகை கூடும் என்று கணக்குப் போட்டவர், பின்னறைக் கட்டிலில் தாடை கட்டிக் கிடந்தார். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எடை போட்டே பொன்மலைப்பட்டியில் வீடு கட்டிய பிச்சை. மண்டியில் பென்ஷன் கிடையாது, பிள்ளையும் இல்லை. கட்டி முடித்த கையோடு ஹால் உள்ள முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டியோடு பின்னறைக்குப் போனார். முன்பக்கம் சோறு போடும், பின்பக்கம் தூங்கப் போதும் என்பார்.

கொழுந்தன் முன் ஹாலைக் காட்டினான். பெட்டி அங்கே தாராளமாக நிற்கும்.

“வாடகை வாங்கியாச்சு. அது மஜீதா வீடு” என்றாள் மயிலம்மாள்.

“நல்லாருக்கு அண்ணி. அப்ப அண்ணனைத் தெருவுலயா போடுறது?”

மஜீதாவின் புருஷன் குவைத்தில். மகளோடு ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். சாவு விழுந்த வீடு என்றாலே குடித்தனம் காலி செய்துவிடும். பிணத்தை அவள் ஹாலிலேயே கிடத்தினால்? கிளம்புகிறேன் என்று அட்வான்ஸைக் கேட்டால் கொடுக்க மயிலம்மாளிடம் ஒன்றுமில்லை. அது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

அவள் பின்னறைக்குத் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது.

ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். குடிவந்த அன்று மஜீதா அதை மறைத்துப் பீரோவை நிறுத்தினாள். அன்றிலிருந்து அதுவும் சுவர்தான்.

இப்போது அது தட்டப்பட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாளை மயிலம்மாள் அசைத்து அசைத்து நீக்கினாள். மஜீதா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வேர்த்து நின்றாள்.

“பெட்டியை ஹாலுக்குக் கொண்டாரச் சொல்லுங்கம்மா, அய்யாவை இப்படியே தூக்கிட்டு வரட்டும். டிவி ஸ்டாண்டை நகத்திட்டேன். விளக்கு மட்டும் ஜன்னல் ஸ்கிரீன் பக்கத்துல வேணாம், பத்திக்கும்.”

“உனக்கு எதுக்கும்மா சங்கடம்…”

“ஆறு வருஷத்துல கரண்ட் பில்லு கேக்கக்கூட வாசப்படி தாண்டாத மனுஷன். இன்னைக்காவது உள்ள வரட்டும்.”

பிச்சை தன் ஹாலில் படுத்தார். ஜன்னல் வெளிச்சம் பெட்டியின் கண்ணாடியில் விழுந்தது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று ஒருத்தி சொல்ல, மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது.

மூன்றாம் நாள் பால் தெளித்ததும் உறவு கலைந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கொழுந்தன் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண் மாதக் கடைசியில் காலி செய்துவிடுவாள், வேறு ஆள் பார்த்து வையுங்கள் என்றான்.

சாயங்காலம் மஜீதா கூப்பிட்டாள். மயிலம்மாள் நடுக்கதவு வரை போய் நின்றாள். என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும். தவணை சொல்ல வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

“பீரோ நகத்தி வச்ச இந்த மூலையிலயே இருக்கட்டும்னு பாக்குறேன்மா. கண்ணாடிக்கு இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?”

மயிலம்மாள் சுவரைப் பார்த்தாள்.

“ஆணியே கூடாதும்பார் அவர்” என்றாள். பிறகு போய்ச் சுத்தியலை எடுத்து வந்தாள்.

மஜீதா ஸ்டூலில் ஏறினாள். மயிலம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காரை உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது.